ஓங்கிய கோலும் ஏந்திய தோளும்



எல்லாம் வல்ல அம்பாளின் திருவருளினால் இவ்வாண்டுத் திருவிழாவும் இனிதே நிறைவேறி, ஆலய மலரும் உங்கள் கைகளுக்கு வந்திருக்கின்றது. இம்மலரிலே பிள்ளை வளர்ப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விழைகின்றேன். கோயில் மலரிலே பிள்ளை வளர்ப்புக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். முதலாந் திருமுறையின் முதற் பதிகம் பிறந்ததே ஒரு தகப்பனுக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கும் இடையே குளக்கரையில் நடந்த ஒரு சம்பவத்திலேதான். ஆகவே பிள்ளை வளர்ப்பும் நமது சமயத்துக்கு உட்பட்ட விடயமே.

திருஞானசம்பந்தப் பெருமானுடைய வரலாறு நீங்கள் எல்லோரும் அறிந்ததுதான். ஆயினும் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணத்தில் அதை விரித்துச் சொல்லும் விதத்தை ஒரு தாய் தகப்பனின் கண்ணோடு பார்ப்போம். சீர்காழியிலே சிவபாதவிருதயர் நீராடப் புறப்படுகிறார். பிள்ளை பின்னாலேயே வருகிறது. அவர் கோபம் கொண்டவர் போலப் பார்த்துத் தடுக்கிறார். பிள்ளையோ காற்சதங்கை ஒலிக்கக் காலை உதைத்து அழுகிறது. தகப்பனார், சரி, உன் போக்கு இதுவானால் வா என்று கூட்டிக்கொண்டு போகிறார். வேலைக்குப் போகும்போது காலைக் கட்டிக்கொண்டு அழும் பிள்ளையை அறியாத வீடு நம்மிடையே உண்டா?

குளக்கரையிலே பிள்ளையை இருத்திவிட்டு அவர் நீரில் மூழ்கி மந்திரம் சொல்லுகிறார். தகப்பனைக் காணாத பிள்ளை, திருத்தோணிச் சிகரத்தைப் பார்த்து "அம்மே! அப்பா!" என்று அழைத்து அழுகிறது. அம்மையப்பர் எழுந்தருளுகின்றனர். உமாதேவியார் பொற்கிண்ணத்திலே ஞானப்பாலைக் கறந்து ஊட்டுகிறார். கரையேறி வந்த தகப்பனார் பிள்ளையின் வாயில் பால் வழிவதைக் காண்கிறார். யாரோ எச்சில் பாலைக் கொடுத்துவிட்டார்களே என்ற பதற்றம். சிறு கோலொன்றை எடுத்து ஓங்கி, உனக்கு இதைத் தந்தவர் யார், காட்டு என்று கேட்கிறார். பிள்ளை வானத்தை நோக்கி விரலை நீட்டி, தனக்கு அருளிய பெருமானின் அடையாளங்களைப் பதிகமாகப் பாடுகிறது.

அடியார்களே, இவ்விடத்தில் ஒரு கணம் நில்லுங்கள். சிவபாதவிருதயர் கோலை ஓங்கினார். ஆனால் அது பிள்ளையின் மேல் விழவில்லை. அடிப்பதற்கு முன் அவர் கேட்டார். கேட்டதோடு நில்லாமல் பதில் வரும்வரை பொறுத்திருந்தார். மூன்று வயதுப் பிள்ளை என்ன சொல்லிவிடப் போகிறது என்று அவர் தள்ளிவிடவில்லை. அந்தச் சிறிய விரல் காட்டிய திசையிலே தாமும் பார்த்தார். அவர் மாத்திரம் கேளாமல் அடித்திருந்தால் அந்தப் பிள்ளை அழுதிருக்கும், பயந்திருக்கும், வாயை மூடியிருக்கும்.

பின்பு நடந்ததைக் கவனியுங்கள். கோல் ஓங்கிய அதே தகப்பனார் தம் பிள்ளையைத் தோளிலே தூக்கி வைத்துக்கொண்டு தலந்தலமாக நடக்கிறார். தாயார் பகவதியார் பிறந்த ஊராகிய திருநனிபள்ளிக்கும் சம்பந்தர் தகப்பனாரின் தோளில் அமர்ந்தே போனார் என்பது வரலாறு. கோலைத் தூக்கிய கையைத் தாழ்த்திப் பிள்ளைக்குத் தோளைக் கொடுத்தார் ஒரு தகப்பன். பிள்ளை வளர்ப்பைப் பற்றி நான் சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

தோளிலே பிள்ளை சுமப்பது நமக்குப் புதிதல்ல. கோப்பிக் காலத்திலே, மாத்தளைக்கு ரயில் வந்த 1880ஆம் ஆண்டுக்கு வெகு முன்னரே, நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நடந்து, மாத்தளை வந்து, அங்கிருந்து கண்டிச் சீமைக்கு ஏறினார்கள். நமது அலவத்துகொட அந்த மாத்தளை - கண்டி வீதியிலேதான் இருக்கிறது. வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டவர்கள் ஏராளம். குடும்பமாக வந்தவர்கள் பிள்ளைகளைத் தோளிலும் இடுப்பிலும் சுமந்துதான் வந்திருப்பார்கள். அவர்கள் சுமந்து கொண்டுவந்து சேர்த்த பிள்ளைகளின் சந்ததிதான் நாம். இன்றும் மாசி மகத்திலே மாத்தளை முத்துமாரியம்மனின் பஞ்சரதம் பார்க்கப் போகும்போது, கூட்டத்திலே தேர் தெரியாத பிள்ளையைத் தகப்பன் தோளுக்கு ஏற்றுகிறான். அன்றைக்குப் பிள்ளைக்குக் கிடைக்கும் அந்த உயரம் மற்ற நாட்களிலும் வீட்டிலே கிடைக்கிறதா என்பதே கேள்வி.

நம் வீடுகளின் நிலையை மறைக்காமல் பேசுவோம். விடியற்காலையில் எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, பெரட்டுக்கு ஓடும் தாய் பொழுது சாயும்போதுதான் கொழுந்துக் கூடையை இறக்குகிறாள். கொழும்பிலே கடையில் வேலை செய்யும் தகப்பன் மாதத்திற்கு ஒரு தடவையோ, தீபாவளிக்கும் திருவிழாவுக்குமோ வருகிறான். உடம்பெல்லாம் வலியும் மனமெல்லாம் கடனுமாக இருக்கும் நேரத்திலே பிள்ளை ஒரு கோப்பையை உடைத்துவிட்டால் கை தானாக ஓங்குகிறது. அந்தச் சிரமத்தை இறைவன் அறிவான். இதைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. ஓங்கிய கை விழுவதற்கு முன்னே ஒரு கேள்விக்கு இடம் இருக்கிறது என்று நினைவூட்டவே எழுதுகின்றேன். "எப்படிம்மா உடைஞ்சிச்சு?" என்ற அந்த ஒரு கேள்விதான் சீர்காழிக் குளக்கரையில் கேட்கப்பட்டது.

"அடியாத மாடு படியாது" என்று பெரியவர்கள் சொல்வார்களே என்று கேட்பீர்கள். மாட்டைப் பற்றிச் சொன்னதை மாட்டோடு விட்டுவிடுவோம். பிள்ளை மாடல்ல. "அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்பதற்கும், இங்கே அடி என்பது இறைவன் திருவடி என்று பிரசங்கிமார் பொருள் சொல்வதுண்டு. பழமொழி எப்படியும் இருக்கட்டும். அடி வாங்கிய பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது என்று பாருங்கள். கோப்பையை உடைக்கக் கூடாது என்று கற்பதைவிட, உடைந்த துண்டுகளை அம்மாவுக்குத் தெரியாமல் எங்கே புதைப்பது என்று வேகமாகக் கற்றுக்கொள்கிறது. இன்று கோப்பையை மறைத்த பிள்ளை நாளை புள்ளித்தாளை மறைக்கும். அதற்கடுத்து, பஸ்ஸிலே ஒருவன் தகாத முறையில் தொட்டதையும் மறைக்கும். சொன்னால் தனக்குத்தான் அடி விழும் என்று அது நம்புகிறது. இதிலேதான் ஆபத்து இருக்கிறது. பிள்ளைக்குத் தீங்கு செய்ய நினைப்பவனுக்கு, வீட்டிலே வாய் திறக்கப் பயப்படும் பிள்ளையைவிட வசதியான பிள்ளை வேறில்லை.

உலகமும் இவ்வுண்மையை மெல்ல மெல்ல ஏற்று வருகிறது. வீட்டிலும் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று 1979ஆம் ஆண்டு சுவீடன் நாடு முதன்முதலாகச் சட்டம் செய்தது. இன்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அத்தகைய சட்டம் உண்டு. இலங்கை 1991ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையிலே அறிவுறுத்தியது. அடியினால் பிள்ளையின் உடலுக்கும் மனத்துக்கும் கேடு உண்டே தவிர நடத்தை திருந்துவதில்லை என்பதை உலக சுகாதார ஸ்தாபனமும் எடுத்துச் சொல்கிறது. குளக்கரையில் ஒரு தகப்பன் அன்பினால் அறிந்ததை உலகம் ஆராய்ச்சியினால் அறிந்திருக்கிறது.

அடி என்றால் பிரம்பு மட்டுமல்ல, வார்த்தையும் அடிதான். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வரும் நாளிலே நம் ஊர்களில் கேட்கும் வார்த்தைகளை நினைத்துப் பாருங்கள். "பக்கத்து வீட்டுப் புள்ள பாஸ் பண்ணிருச்சு, ஒனக்கு மட்டும் என்ன கேடு?" என்று பத்து வயதுப் பிள்ளையை வாசலில் நிறுத்திக் கேட்கிறோம். அப்பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் வெட்டுப்புள்ளியை எட்டுவதில்லை. அத்தனை பேரும் கெட்டா போனார்கள்? இருநூறு புள்ளிகளுக்கு வைக்கும் ஒரு பரீட்சையிலே தகப்பனுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்த அன்புக்கோ, தம்பியைக் கைபிடித்துப் பாடசாலைக்குக் கூட்டிப்போன பொறுப்புக்கோ ஒரு புள்ளியும் இல்லை. அந்தப் புள்ளியை இடவேண்டியவர்கள் பெற்றவர்கள்தான். நல்லது செய்யும்போது வாய் திறந்து சொல்லுங்கள். "கெட்டிக்காரப் பிள்ளை" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "சொல்லாமலே வாசலைக் கூட்டி வச்சிருக்கியே, அம்மாவுக்கு எவ்வளவு உதவி" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டினால் அது பிள்ளையின் மனத்தில் நிற்கும்.

திருவள்ளுவரிடம் போவோம். திருக்குறளின் ஏழாம் அதிகாரம் மக்கட்பேறு. அதிலே உள்ள பத்துக் குறள்களின் வரிசையைக் கவனித்திருக்கிறீர்களா? பிள்ளைப் பேற்றின் பெருமையைச் சொல்லித் தொடங்கியவர், அடுத்து, பிள்ளை சிறு கையால் அளைந்த சோற்றின் சுவையைச் சொல்லுகிறார். அதன்பின் பிள்ளையின் உடம்பு நம் உடம்பிலே படுகின்ற இன்பத்தைச் சொல்லுகிறார். அதன்பின் மழலையைச் சொல்லுகிறார். கூட உண்பது, கட்டி அணைப்பது, பேச்சைக் கேட்பது என்ற மூன்றும் சொல்லி முடித்த பின்னர்தான் தகப்பன் பிள்ளைக்குச் செய்ய வேண்டிய கடமை வருகிறது. பிள்ளை தகப்பனுக்குச் செய்ய வேண்டியதோ கடைசிக் குறளிலே வருகிறது. நாமோ கடைசிக் குறளை முதலில் கேட்கிறோம். உறவு முந்தி, கடமை பிந்தி என்பது வள்ளுவர் வகுத்த ஒழுங்கு. அந்த அதிகாரத்தில் எங்கேயும் பிரம்பு இல்லை.

இனி, நம்மில் பல குடும்பங்களைத் தொடும் ஒரு விடயம். வறுமையின் காரணமாக மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குப் போன தாய்மார் பலர். பிள்ளையை விட்டுப் போகிறாளே என்று அவர்களைப் பழிப்பவர்களும் ஊரிலே உண்டு. அவள் போனதும் அந்தப் பிள்ளைக்காகத்தான். பழிப்பதை விட்டு, வீட்டிலே இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

திருச்சிராப்பள்ளியிலே எழுந்தருளியிருக்கும் பெருமானுக்குத் தாயுமானவர் என்று பெயர். பிரசவ காலத்திலே ஒரு பெண்ணுக்குத் துணையாக வரவேண்டிய தாய், காவிரி வெள்ளத்தினால் அக்கரையிலே நின்றுவிட்டாள். இறைவனே அந்தத் தாயின் உருவத்திலே வந்து பணிவிடை செய்தான் என்பது தல வரலாறு. இன்று நம் தாய்மாருக்குக் கடலே வெள்ளமாக இடையிலே நிற்கிறது. அவள் வரும்வரை வீட்டிலே தாயாக நிற்க வேண்டியவன் தகப்பன். மகளுக்குத் தலை வாரிப் பின்னல் போட்டுவிடுவது ஆம்பிளைக்கு அழகா என்று யாராவது கேட்டால், சிவபெருமானே அந்த வேலையைச் செய்தவர்தான் என்று சொல்லுங்கள். அவள் அனுப்பும் காசு சாராயக் கடைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடித்துவிட்டு வரும் தகப்பனின் காலடிச் சத்தம் கேட்டு லயத்துக் காம்பராவின் மூலையிலே ஒடுங்கும் பிள்ளைக்கு எத்தனை கோயிலில் அர்ச்சனை செய்தாலும் அது ஈடாகாது.

தொலைவிலே இருக்கும் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. இப்போது கைத்தொலைபேசியிலே முகம் பார்த்துப் பேசும் வசதி வந்திருக்கிறது. பேசும் அந்தச் சில நிமிடங்களில் "படிச்சியா? எத்தனை புள்ளி?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். இன்றைக்கு யாரோடு விளையாடினாய், மத்தியானம் என்ன சாப்பிட்டாய், எதற்குச் சிரித்தாய் என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் சின்னக் கதையை முடியும்வரை கேளுங்கள். சின்னக் கதைக்குக் காது கொடுத்த அம்மாவிடம்தான் பிள்ளை பெரிய கதையையும் சொல்லும்.

பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அம்மாயிமாரும், தம்பி தங்கையரை வளர்க்கும் அக்காமாரும் திலகவதியாரை நினைத்துக்கொள்ளுங்கள். திருவாமூரிலே தாய் தகப்பன் இருவரையும் இழந்து, தமக்கு நிச்சயிக்கப்பட்ட கலிப்பகையாரையும் போரிலே இழந்தவர் அவர். உயிரை விடத் துணிந்தவர், தம்பி அழுது வேண்டியதனால் அவனுக்காகவே உயிர் தாங்கினார். அந்தத் தம்பி வளர்ந்து அக்காவின் வழியை விட்டு வேறு சமயம் புகுந்து தூரப் போய்விட்டார். இக்காலத்திலே வாலிபப் பிள்ளைகள் நம் சொல் கேளாமல் போகும்போது நமக்கு வரும் வேதனை அவருக்கும் வந்தது. அவர் ஊரெல்லாம் தம்பியைத் தூற்றவில்லை. திருவதிகையிலே திருவலகிட்டு, திருமெழுக்கிட்டு, இறைவனிடம் முறையிட்டார். தம்பி சூலை நோயினால் துடித்து ஆளனுப்பியபோது, தாம் அவ்விடத்துக்கு வருவதில்லை என்று உறுதியாகச் சொன்னார். அதே தம்பி இரவோடிரவாக வந்து காலில் விழுந்தபோது, பழையதைக் கிளறாமல் தூக்கி எடுத்துத் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனார். அந்தத் தம்பிதான் திருநாவுக்கரசர்.

கண்டிப்பும் கனிவும் ஒரே மனத்தில் எப்படி இருக்கும் என்பதற்குத் திலகவதியாரே சாட்சி. இது கூடாது என்றால் கூடாதுதான். அதிலே அவர் தளரவில்லை. ஆனால் வாசற்கதவை அடைக்கவும் இல்லை. அன்பு காட்டினால் பிள்ளை தலையில் ஏறிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். இரவு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரவேண்டும், கைத்தொலைபேசியை எத்தனை மணிக்கு வைக்க வேண்டும் என்பதற்கெல்லாம் வீட்டிலே ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கைப் பிள்ளையோடு இருந்து பேசி முடிவு செய்யுங்கள். மீறினால் என்ன என்பதையும் முன்னரே சொல்லுங்கள். சொன்னபடி நில்லுங்கள். அதற்குக் கூச்சலும் வேண்டாம், பிரம்பும் வேண்டாம்.

பெரியவர்கள் தாழ்ந்தால் மரியாதை போய்விடுமோ என்ற எண்ணமும் நம்மிடம் உண்டு. சுவாமிமலையிலே நடந்தது என்ன? பிரணவத்தின் பொருளைச் சொல்ல வந்த பாலமுருகனுக்கு முன்னே சிவபெருமான் சீடனாக நின்று செவி சாய்த்தார். அதனால் பெருமானின் பெருமை குறைந்ததா? தகப்பன்சாமி என்ற பெயர் பிள்ளைக்குக் கிடைத்தது. தகப்பனுக்கோ தன் பிள்ளையிடம் கேட்ட இன்பம் கிடைத்தது. கோபத்திலே தவறாக ஒன்று சொல்லிவிட்டால், "அப்பா அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று பிள்ளையிடம் சொல்லும் தகப்பன் சிறியவன் ஆவதில்லை. தவறை ஒப்புக்கொள்ளும் பழக்கத்தைப் பிள்ளை அவனிடமே படிக்கிறது.

அடியார்களே, இவ்வளவும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்வது? பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம். விளக்கேற்றும் நேரத்திலே வீட்டில் உள்ளவர்கள் ஒன்றாக அமர்ந்து ஒரு தேவாரம் பாடுங்கள். பாடி முடித்ததும் கைத்தொலைபேசியையும் தொலைக்காட்சியையும் நிறுத்தி வைத்துவிட்டு, கால் மணி நேரம் பிள்ளை பேசட்டும், நீங்கள் கேளுங்கள். புத்தி சொல்லும் அவசரம் வேண்டாம். இரவுச் சாப்பாட்டை ஒரு வேளையாவது ஒன்றாக உண்ணுங்கள். ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்புவதோடு நில்லாமல், முடிந்த நாளில் கைபிடித்துக் கூட்டி வாருங்கள். வழி நெடுகப் பிள்ளை பேசிக்கொண்டு வரும். கோபம் தலைக்கேறும்போது ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டு, ஐந்தெழுத்தைச் சொல்லி, அதன் பின்னர் கேளுங்கள்.

அயலிலே ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுவது தெரிந்தால், அது அவர்கள் வீட்டு விடயம் என்று கதவைச் சாத்திவிட வேண்டாம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். அந்த இலக்கத்தை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். ஆனால் ஆபத்து வரும் வேளையில் பிள்ளை முதலில் ஓடிவந்து சொல்லும் இடம் நம் மடியாக இருக்க வேண்டும். அதற்கான பாதையை நாம் இன்றே, சின்னச் சின்ன விடயங்களைக் கேட்பதிலிருந்து அமைக்க வேண்டும்.

சம்பந்தப் பிள்ளையார் என்றைக்கும் தோளிலே இருக்கவில்லை. திருநெல்வாயில் அரத்துறைக்குப் போகும் வழியிலே தகப்பனாரின் தோளை விட்டிறங்கித் தம் சிறு பாதங்களால் நடக்கத் தொடங்கினார். அங்கே இறைவன் முத்துச் சிவிகை அருளினான். நம் பிள்ளைகளும் ஒருநாள் இறங்கித்தான் நடக்கப் போகிறார்கள். கொழும்புக்குப் போவார்கள், கடல் கடந்தும் போவார்கள். அப்போது அவர்களோடு கூடப் போவது நாம் கொடுத்த காசோ, சேர்த்த காணியோ அல்ல; நான் சொல்வதைக் கேட்க வீட்டிலே ஆளிருக்கிறது என்ற தைரியமே.

அந்தத் தைரியத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கும் மனத்தையும், ஓங்கிய கையைத் தாழ்த்தும் பொறுமையையும், உலகுக்கெல்லாம் தாயாகிய அம்பாள் நம் எல்லோருக்கும் அருள்வாளாக.

சுபம்.